கதவைச் சாத்திட்டுப் பேசிக்கிறேன்

எங்கள் சந்துக்குப் புதிதாக யாராவது வந்து வழி கேட்டால், என் வீட்டைப் "பெரிய கதவு வீட்டுக்கு எதிர் வீடு" என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். எத்தனையோ வருஷமாகப் பெங்களூர் விவேக் நகரில் ப்ளவுஸ் தைத்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் 'பவுலின் டெய்லர்' என்று போர்டு வேறு தொங்குகிறது. அதற்கு ஒரு மதிப்பும் இல்லை, எதிர்வீட்டுக் கதவுக்குத்தான் பேர். முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. அந்தக் கதவு வந்த கதையைக் கேட்டால், அது பேர் வாங்கத் தகுந்த கதவுதான் என்று நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

கதவு தமயந்தியுடையது. அவளுக்கு ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கர் வேலை. தைத்து வருகிற சட்டையில் நூல் தொங்குகிறதா, பட்டன் கோணலாக இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, மனிதர்களையும் மேலிருந்து கீழ்வரை அப்படியே ஒரு பார்வை பார்ப்பாள். அவள் புருஷன் அர்ஜுனன் பழைய கட்டடங்களை இடிக்கிற வேலை செய்தான். தொண்ணூறுகளின் நடுவில் அவனுக்கு வேலைப் பஞ்சமே கிடையாது. கண்டோன்மெண்டில் இருந்த பங்களாக்களை ஒவ்வொன்றாக இடித்து அபார்ட்மெண்ட் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊரார் வீட்டையெல்லாம் இடித்தவனுக்குச் சொந்தமாக இடிக்கக்கூட ஒரு சுவர் இல்லை.

அல்சூரில், அவன் அம்மா வீட்டில்தான் இருந்தார்கள். இரண்டே அறை. அம்மா, அண்ணன் ஜெயராமன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், கல்யாணத்துக்குக் காத்திருக்கிற தங்கை, அத்தனை பேரும் அதற்குள். அர்ஜுனனுக்கும் தமயந்திக்கும் அடுப்படி மூலையை ஒதுக்கி, குறுக்கே ஒரு கொடியில் பழைய புடவையைத் தொங்கவிட்டிருந்தார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் புடவைதான் அவர்களுக்குச் சுவர், கதவு, ஜன்னல் எல்லாம். புடவைக்கு அந்தப் பக்கம் மாமியார் புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் இவர்கள் பேச்சு நின்றுவிடும். இந்த அழகில், இன்னும் ஏன் பேரப்பிள்ளை வரவில்லை என்று அந்தம்மா கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருந்தார். எனக்கு அதைக் கேட்டபோது கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு விறகு டிப்போ இருந்தது. எல்லார் வீட்டிலும் கேஸ் வந்த பிறகு விறகு வாங்க ஆளில்லை. முதலாளி இடத்தைத் துண்டு போட்டு விற்றார். நல்ல துண்டெல்லாம் போனபின் இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே பத்தடி அகலத்தில் ஒரு கீற்று மிஞ்சியது. என் கணவர் ஓஸ்வால்ட் அதைப் பார்த்துவிட்டு, "இங்க வூடு கட்டறவன் தும்மறதுன்னா வெளியில வந்துதான் தும்மணும்" என்றார். அந்தக் கீற்றைத்தான் தமயந்தி வாங்கினாள்.

வாங்கிய மறுநாளே குடத்தோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, கட்டட வேலைக்குத் தண்ணி வேணும். உங்க சம்ப்புலேர்ந்து எடுத்துக்கட்டுமா?"

"எத்தன நாளைக்கு?"

"வூடு முடியற வரைக்கும்."

தைரியம்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கேட்ட விதம் பிடித்திருந்தது. "எத்தன ரூமு கட்டப் போற?" என்றேன்.

"ஒண்ணுதான்க்கா. ஆனா கதவு இருக்கும்."

"கதவு எல்லா வூட்லயும்தான் இருக்கும்."

"எங்க வூட்லயும் இருக்குது. சாத்தினா உள்ள அத்தன பேரும் இருக்கோம்."

சொல்லிவிட்டுக் கைப்பையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தைக் காட்டினாள். உள்ளே சின்னதாக ஒரு பித்தளைத் தாழ்ப்பாள். அஸ்திவாரத்துக்கு ஒரு கூடை மண்கூட அள்ளவில்லை, அதற்குள் தாழ்ப்பாள் வாங்கிவிட்டாள். அதை விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாள். "சத்தம் கேட்டீங்களா? பக்காவா விழுது பாருங்க" என்றாள்.

சாயங்காலம் கம்பெனி விட்டதும் பஸ் ஏறி நேராக இங்கே வந்துவிடுவாள். மணல் குவியல் மேல் உட்கார்ந்து, உப்பு மிளகாய்த்தூள் தடவிய கொய்யாக்காயைக் கடித்துக்கொண்டு, "இங்க அடுப்பு, இங்க பீரோ, இங்க கட்டிலு" என்று குச்சியால் மண்ணில் கோடு போடுவாள். கட்டில் பிடிக்குமா என்று சந்தேகம் வந்ததும், கம்பெனிப் புடவையோடு அந்த மண்ணிலேயே படுத்துப் பார்த்தாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக ஒரு பெண் மண்ணில் கிடந்து நான் பார்த்ததில்லை.

அவளுடைய இன்னொரு ஆசையை ஒருநாள் சொன்னாள். "இந்த மனுசன ஒரு நாளாச்சும் வாய் நெறையத் திட்டணும்க்கா. அங்க எதுக்குக் கோவம் வந்தாலும் குசுகுசுன்னுதான் பேசணும். குசுகுசுன்னு திட்டினா அதுல இன்னா இருக்குது? அவரு காதுல சரியா வுழாம, 'இன்னா சொன்ன, இன்னா சொன்ன'ன்னு கேப்பாரு. திருப்பிச் சொல்றதுக்குள்ள கோவமே ஆறிப் போவுது."

கதவு விஷயத்தில் அவள் ரொம்பத் தெளிவாக இருந்தாள். சிவாஜிநகரில் ஒரு ஆசாரியிடம் போய், சாதாரண ஒற்றைக் கதவு, அதற்கேற்ற வாசக்கால், பச்சை பெயிண்ட் என்று அவளே பார்த்துச் சொல்லிவிட்டு வந்தாள். மேஸ்திரி சந்திரன், திருவண்ணாமலைப் பக்கத்து ஆள், அதற்கேற்ற மாதிரி அளவெடுத்து, வாசக்கால் நிறுத்த இடம் விட்டு வைத்தார். நாள் குறித்தார்கள்.

வாசக்கால் பூஜை எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். குழியில் நவதானியமும் காசும் போட்டு, மரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, நல்ல நேரத்துக்குள் தூக்கி நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டால் அப்புறம் அது மரம் இல்லை, லட்சுமி. நான் கோயிலுக்குப் போகாதவள், சர்ச்சுக்குப் போகிறவள். இருந்தாலும் அன்றைக்குக் காலையில் குளித்துவிட்டு, தண்ணீர்க் குடத்தோடு போய் நின்றேன். அல்சூரிலிருந்து மாமியாரும் மைத்துனர் குடும்பமும் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். தேங்காய், பழம், சூடம் எல்லாம் தயார். வாசக்காலைத்தான் காணோம். அர்ஜுனனையும் காணோம். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மேஸ்திரி வாட்சைப் பார்த்தார், மாமியார் வானத்தைப் பார்த்தார், தமயந்தி சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு டெம்போ வந்தது. பின்னால் அர்ஜுனன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தான். அவன் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு பங்களாவின் முன்வாசல். பர்மாத் தேக்கு. ஆள் உயரத்துக்கு மேல் இன்னும் ஒரு சின்ன ஆள் நிற்கலாம். மேலே அரைவட்ட வளைவு, அதில் திராட்சைக் கொடியும் குலையுமாகச் செதுக்கல். இரண்டு கதவும் தனியாகப் பின்னால் அடுக்கி இருந்தன. ரிச்மண்ட் டவுன் பக்கம் அவன் இடித்த பங்களாவில் இருந்ததாம். இடிக்கும்போது அதைப் பார்த்ததும் தமயந்தி ஞாபகம் வந்ததாம். இவள் கதவு கதவு என்று கிடக்கிறாளே, அல்சூரில் ஒருத்தர் வீட்டிலும் இல்லாத கதவாக வாங்கிக் கொடுத்துவிடுவோம் என்று, கூலிக்குப் பதிலாகக் கேட்டு வாங்கியிருக்கிறான். ஆசாரியிடம் போய், பச்சைக் கதவு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். இதெல்லாம் தமயந்திக்குத் தெரியக் கூடாது என்று ரகசியமாக வைத்திருந்தான்.

"ஏம்ப்பா, சைஸ் பாத்தியா?" என்று கேட்டேன். நான் தையல்காரி. அளவு பார்க்காமல் துணியில் கத்தரி வைக்க மாட்டேன்.

"பாத்தேன்க்கா. டெம்போல புடிக்குமான்னு பாத்தேன்" என்றான்.

மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் நேரம் போகிறது, சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள், வேறு மரம் கைவசம் இல்லை. "மொதல்ல நிறுத்துங்க, மீதிய அப்பறம் பாக்கலாம்" என்றார் மாமியார். அவசர அவசரமாகக் குழியை அகலப்படுத்தினார்கள். சந்தில் இருந்த ஆண்கள் எல்லாரும் வந்து தூக்கினார்கள். தமயந்தி மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள், கற்பூரம் காட்டினாள். முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. அத்தனை பேர் முன்னால் வேறு என்ன செய்வாள்? நான் பக்கத்தில் நின்றதால் எனக்கு மட்டும் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு அசையாமல் அவன் காதில் சொன்னாள்: "வூடு முடியட்டும். கதவைச் சாத்திட்டுப் பேசிக்கிறேன்."

அர்ஜுனன் அதைக் கேட்டு, வெட்கப்பட்டுச் சிரித்தான். மக்கு, தப்பாக எடுத்துக்கொண்டான்.

சின்னப் பிள்ளைக்கு அப்பாவின் கோட்டை மாட்டிவிட்ட மாதிரி இருந்தது அந்த இடம். பத்தடி அகலத்தில் பாதியை வாசலே எடுத்துக்கொண்டது. வளைவு எட்டடிக்கு மேல் போனதால் சுவரை நினைத்ததைவிட உயர்த்தியாக வேண்டும். இரட்டைக் கதவு உள்பக்கம் திறப்பதால், மண்ணில் கோடு போட்டு வைத்த கட்டிலுக்கு இடம் போயிற்று. வெளிப்பக்கம் திறக்கலாம் என்றால் சந்து அடைபடும், என் வீட்டுப் படியில் வந்து இடிக்கும். பூஜைக்கு மறுநாள் தமயந்தி தனியாக வந்து மேஸ்திரியிடம், "இத எடுத்துட்டு வேற வெச்சுரலாமாண்ணே?" என்று கேட்டாள்.

"பூஜ போட்டு நிறுத்தின வாசக்காலப் புடுங்க என் கை வராதும்மா. அதுக்கு வேற மேஸ்திரியப் பாத்துக்குங்க" என்றார் சந்திரன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவள் வரவே இல்லை. அர்ஜுனன் மட்டும் வேலை முடிந்து வந்து சுவருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, வாசக்காலைத் துணியால் துடைத்துவிட்டுப் போவான். எனக்கு அவன் மேல் பாவமாகவும் இருந்தது, இரண்டு அறை விடலாம் போலவும் இருந்தது.

அவளைத் திரும்ப வரவழைத்தது வியாழக்கிழமைக் கூட்டம்தான். எங்கள் குழந்தை ஏசு கோயிலுக்கு வியாழக்கிழமை நோவேனா ஜெபத்துக்கு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். சர்ச்சுக்குக் குறுக்கு வழி என்று சிலர் எங்கள் சந்துக்குள் நுழைவார்கள். பாதிச் சுவருக்கு நடுவே திராட்சைக் கொடி போட்ட அந்த வளைவைப் பார்த்து, மாதாவுக்கு ஏதோ புது கெபி கட்டுகிறார்கள் என்று நினைத்து, நின்று சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு வியாழக்கிழமை யாரோ வாசக்கால் அடியில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஏற்கெனவே மஞ்சளும் குங்குமமும் இருந்த மரம். இப்போது மெழுகும் சேர்ந்தது. நான் கம்பெனிக்கு போன் போட்டுச் சொன்னேன். சாயங்காலம் ஓடி வந்தாள். மெழுகுவர்த்தி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சத்தமே இல்லாமல் சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பும் அப்படித்தான் வரும் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"அணைக்காதீங்கக்கா. யாரு வேண்டுதலோ, எரியட்டும். வூடாச்சும் சீக்கிரம் முடியட்டும்" என்றாள்.

மேஸ்திரிக்கும் ஒரு யோசனை வந்தது. சுவர் எப்படியும் உயரப் போகிறது, அதனால் பின்பக்கம் பாதி உயரத்தில் ஒரு பலகைப் பரண் போட்டு ஏணி வைத்துவிட்டால் அதிலேயே படுத்துக்கொள்ளலாம், கட்டிலே வேண்டாம் என்றார். தமயந்தி அவரையே பார்த்தாள். "அப்போ மாடி வூடு!" என்றாள். மறுபடி மணல் மேல் உட்கார்ந்து கொய்யாக்காய் தின்ன ஆரம்பித்தாள். அர்ஜுனன் மேல் கோபம் மட்டும் அப்படியே இருந்தது. அவன் ஏதாவது சொதப்பும்போதெல்லாம், செங்கல் குறைவாக வந்தாலும் சரி, சிமெண்ட் மூட்டை நனைந்தாலும் சரி, ஒரே பதில்தான்: "கதவைச் சாத்திட்டுப் பேசிக்கிறேன்."

சுவர் வளைவுக்கு மேல் ஏறி, கூரைக்கு மோல்டு போடுவதற்குச் சென்ட்ரிங் பலகை அடிக்கும் நேரத்தில் அது நடந்தது. இடிக்கிற பங்களா ஒன்றில் சுவர் சரிந்து அர்ஜுனன் கீழே விழுந்தான். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. தொடை வரைக்கும் மாவுக்கட்டு. அல்சூர் வீட்டில் முன் அறையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள்.

வேலை நின்றது. பலகையைக்கூடச் சென்ட்ரிங்காரர்கள் வேறு இடத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். மழைக்காலம் தொடங்கியது. கூரை இல்லாத வீட்டுக்குள் தண்ணீர் தேங்கி, எருக்கஞ்செடி முளைத்தது. கதவு பொருத்தாத அந்தப் பெரிய வாசல் வழியாக நாய்கள் போய்வந்தன. தையல் மெஷினில் உட்கார்ந்து தலை தூக்கினால் எனக்கு நேராகத் தெரிவது அதுதான். பார்க்கவே பிடிக்காமல் மெஷினைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

தமயந்தி வருவாள். அந்தப் பக்கம் போகாமல் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து ப்ளவுஸுக்குக் கொக்கி தைத்துக் கொடுப்பாள். ஒருநாள் தைத்துக்கொண்டே சொன்னாள்.

"அவருகிட்டப் பேசணும் போல இருக்குதுக்கா. வூடு பூரா ஆளு. பாக்க வர்றவங்க வேற. முன்னயாச்சும் புடவைக்குப் பின்னால ரெண்டு வார்த்த பேசுவோம். இப்போ அவரு முன் ரூம்ல, நான் அடுப்படில. வலிக்குதான்னு கேக்கலாம்னு போனா, அத்த 'நாந்தான் பாத்துக்கறேனே'ங்கறாங்க. அவரு என் மூஞ்சியப் பாக்கறாரு. நான் அவரு காலப் பாக்கறேன். அவ்ளோதான் எங்க பேச்சு."

ஓஸ்வால்ட் பக்கத்து அறையிலிருந்து "பவுலின், டீ" என்று கத்தினார். நானும் "கை காலியில்ல" என்று இங்கிருந்து கத்தினேன். அப்படிக் கத்திக்கொள்வது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒருவர் காரில் வந்து இறங்கினார். எங்கேயோ பெரிதாக ஹோட்டல் கட்டுகிறாராம், பழைய காலத்துக் கதவு தேடுகிறாராம். வாசக்காலைத் தட்டிப் பார்த்தார், செதுக்கலைத் தடவிப் பார்த்தார். என் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்த கதவோடு சேர்த்துக் கொடுத்தால், கூரை போட்டு, ஒரு நல்ல கதவும் வைத்துக்கொள்கிற அளவுக்குத் தருகிறேன் என்றார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆயிற்று எங்களுக்கு. கொடுத்துவிடு என்றார் ஓஸ்வால்ட். நானும் அதைத்தான் சொன்னேன். சந்திரன் மேஸ்திரியே இறங்கி வந்து, "ஐயரக் கேட்டு ஒரு பரிகாரம் பண்ணிட்டு எடுத்துரலாம்மா, கஷ்டத்துக்குத் தோஷமில்ல" என்றார். அர்ஜுனனும் அண்ணனிடம் சொல்லி அனுப்பினான், விற்றுவிடச் சொல்லி. முதல் நாளிலிருந்து அவளுக்குப் பிடிக்காத கதவு. அவள் ஆசைப்பட்ட பச்சைக் கதவு கையில் வந்து விழுகிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தமயந்தி எருக்கஞ்செடியை விலக்கிக்கொண்டு போய் வாசக்கால் மேல் கை வைத்து நின்றாள். திரும்பி வந்து அந்த ஆளிடம், "இல்ல சார், குடுக்கறதா இல்ல" என்றாள். அவர் கார் கிளம்பியதும் நான் பிடித்துக்கொண்டேன். "பைத்தியமா உனக்கு?"

"அவரு வுழுந்ததுலேர்ந்து அவர என்னால மனசுக்குள்ளகூடத் திட்ட முடியலக்கா. அழுவதான் வருது. அழுதா கை கால் ஓட மாட்டேங்குது. இந்தக் கதவப் பாத்தாதான் கோவம் வருது. அந்தக் கோவத்துலதான் காலையில எழுந்து பஸ் ஏர்றேன். இத வித்துட்டா எத வெச்சுத் திட்டுவேன்? எத வெச்சு இந்த வூட்ட முடிப்பேன்?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய், உள்ளே முளைத்திருந்த செடியைப் பிடுங்க ஆரம்பித்தாள். நானும் மெஷினை விட்டுவிட்டுப் போனேன். இரண்டு பேரும் இருட்டுகிற வரைக்கும் பிடுங்கினோம்.

அதிலிருந்து அவள் ஓவர்டைம் பார்க்காத நாளில்லை. ஞாயிற்றுக்கிழமையில் வேறு வேலை இல்லாதபோது சந்திரன் மேஸ்திரி வந்து கொஞ்சம் கொஞ்சமாக வேலையை நகர்த்தினார். அர்ஜுனன் மாவுக்கட்டைப் பிரித்து, கோல் ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகு, அவள் மாதாமாதம் கட்டி வந்த சீட்டுப் பணத்தை எடுத்து மோல்டு போட்டார்கள். மோல்டு அன்றைக்கு ஆட்களுக்குப் பிரியாணி போட வேண்டும், அதுதான் எங்கள் ஊர் வழக்கம். என் வீட்டு வாசலில்தான் அடுப்பு. ஆட்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கை மாற்றி மேலே ஏற்றினார்கள். அர்ஜுனன் சந்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாரும் கேட்காத யோசனையெல்லாம் சொன்னான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சந்திரன் மேலிருந்து, "அண்ணே, இடிக்கறதுன்னா ஒங்களக் கேக்கறேன். இது கட்டறது" என்றார். சந்தே சிரித்தது. தமயந்தி பிரியாணி அண்டாவைக் கிளறிக்கொண்டே அவனைப் பார்த்த பார்வையில், இதையும் சேர்த்துத்தான் திட்டப்போகிறாள் என்று தெரிந்தது.

கடைசியாகக் கதவு மாட்டினார்கள். ஒரு கதவைத் தூக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். அவ்வளவு கனம். விரலால் தட்டிப் பார்த்தேன், பாறையைத் தட்டின மாதிரி சத்தமே எழவில்லை. பங்களாவில் பெல் இருந்த ஓட்டை மட்டும் வாசக்காலில் தெரிந்தது, அதை மரத்துண்டு வைத்து அடைத்தார்கள். தமயந்தி கைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். அந்த ராட்சதக் கதவில் இந்தத் தாழ்ப்பாளா என்று ஆசாரி சிரித்தார். இதுதான் போடணும் என்று நின்று போட வைத்தாள். யானைக்கு மூக்குத்தி குத்தின மாதிரி அது பளபளத்தது.

கிரகப்பிரவேசத்துக்கு எல்லாரும் வந்தார்கள். விடியற்காலையில் பால் பொங்கியது. கேசரி, இட்லி, வடை. வீட்டுக்குள் பாதிப் பேர்கூட நிற்க முடியாததால் சந்தில் நாற்காலி போட்டோம். மாமியார் பரணையும் ஏணியையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "எனக்கு இங்க எடமே இல்லியேம்மா" என்றார். "அடிக்கடி வாங்க அத்த" என்றாள் தமயந்தி. நானாக இருந்தால் அடிக்கடி என்று சொல்லியிருக்க மாட்டேன்.

பகல் சாப்பாடு முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, தமயந்தி வாசலில் வந்து நின்றாள். "இந்தாங்க, கொஞ்சம் உள்ள வாங்க" என்று அர்ஜுனனைக் கூப்பிட்டாள். அவன் கோலை ஊன்றிக்கொண்டு போனான். இரண்டு கதவும் மெதுவாகச் சாத்திக்கொண்டன. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் மட்டும் லேசாகக் கேட்டது.

ஓஸ்வால்டை முழங்கையால் இடித்தேன். "இன்னிக்கு இருக்குது அவனுக்கு" என்றேன். விஷயம் தெரிந்த மேஸ்திரி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் கேட்கவில்லை. நேரம் போனது. ஒரு பாத்திரம் உருளும் சத்தம்கூட இல்லை. மாமியார் பொறுமை இழந்து எழுந்து போய்க் கதவைத் தட்டினார். தட்டினது அவருக்கே கேட்டிருக்காது. அந்தத் தேக்கு உள்ளே இருந்து எதையும் வெளியே விடவில்லை, வெளியே இருந்து எதையும் உள்ளே விடவில்லை. டெம்போ அளவு மட்டும் பார்த்து வாங்கி வந்த கதவு, அவள் கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டது.

வெகுநேரம் கழித்துத் திறந்தார்கள். அர்ஜுனன் கண் சிவந்திருந்தது. அவள், "யாருக்கு காபி?" என்று கேட்டாள். அவ்வளவுதான். நல்ல டோஸ் கொடுத்திருக்கிறாள் என்று நாங்கள் எல்லாரும் முடிவு கட்டினோம்.

அடுத்த வருஷம் ஒருநாள், அர்ஜுனன் இன்னொரு பங்களாவிலிருந்து ஒரு குளிக்கிற தொட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து வந்து இறக்கினான். சிங்கக்கால் வைத்த வெள்ளைக்காரன் தொட்டி. அதை வைத்தால் வீட்டுக்குள் மனிதர் நிற்க முடியாது. அன்றைக்குத்தான் தமயந்தியின் முழுக் குரலைக் கேட்டேன். கதவு இரண்டும் விரியத் திறந்திருந்தன. கல்யாணத்திலிருந்து தொடங்கி, டெம்போ, நனைந்த சிமெண்ட், மோல்டு அன்றைக்குச் சொன்ன யோசனை வரைக்கும் ஒன்று விடாமல் வந்தது. சந்து முழுக்க வாசலில் நின்று கேட்டது. அர்ஜுனன் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, பாட்டுக் கச்சேரி கேட்கிறவன் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் கொக்கி தைக்க வந்தாள். தொண்டை கட்டியிருந்தது, முகம் மட்டும் தெளிந்திருந்தது. "கதவச் சாத்திட்டுப் பேசியிருக்கலாமில்ல? கிரகப்பிரவேசத்தன்னிக்கு ஒண்ணும் கேக்காம நாங்கல்லாம் எவ்ளோ ஏமாந்து போனோம் தெரியுமா?" என்றேன்.

"அன்னிக்கு நான் திட்டவேயில்லக்கா."

மெஷினை நிறுத்தினேன்.

"திட்டணும்னுதான் தாப்பா போட்டேன். எல்லாத்தையும் வரிசையா மனசுல வெச்சிருந்தேன். வாயத் தொறந்தா கொரலு வரல. புடவைக்குப் பின்னால பேசுவோமே, அந்தக் கொரலுதான் வந்துச்சு. அவரும் அப்டியே குசுகுசுன்னு 'இன்னா, இன்னா'ங்கறாரு. எங்க வூடு, எங்க கதவு, உள்ள எங்களத் தவிர யாருமில்ல. திருடனுங்க மாதிரி ரெண்டு பேரும் மெதுவாப் பேசிட்டு நிக்கறோம்."

"அப்போ என்னதான் சொன்ன அவன்ட்ட?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கால் ரொம்ப வலிச்சுதான்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"வலிச்சுதுன்னாரு. அப்பறம் ரெண்டு பேரும் உக்காந்து அழுதோம்." அடுத்த கொக்கியைத் துணியில் வைத்து ஊசியைக் குத்தினாள். "அதுவும் சத்தமில்லாமத்தான்க்கா. பழக்கம்."